ஷிப்ட் முடிந்து போக ஒரு கூட்டம்

குடியை நிறுத்த நினைப்பவர்களும் ஏற்கெனவே நிறுத்தியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து அனுபவத்தைச் சொல்லிக்கொள்ளும் இடமே ஏ.ஏ. கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது முழுப்பெயர், தமிழ்நாட்டில் ஏ.ஏ. என்றால்தான் தெரியும். பத்துப் பதினைந்து நாற்காலி, ஒரு டீ கேன், ஒன்றே கால் அல்லது ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான் அதன் வெளித்தோற்றம். கட்டணம் கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. ஆதார் அட்டை கேட்பதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம்–வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலைப் பகுதியில் வேலை செய்யும் ஒருவர் இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்வதற்குத் தூரம் ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை நேரம்.

இந்த இயக்கமே ஒரு தேடலில்தான் பிறந்தது. 1935 மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஏக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாகப் போயிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோற்றது. தங்கியிருந்த ஹோட்டலின் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, இன்னொரு பக்கம் தொலைபேசி. உள்ளூர்த் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக அழைத்தார். தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியுடன் பேசியாக வேண்டும், அப்படி ஒருவர் இந்த ஊரில் உண்டா என்பதே அவருடைய கேள்வி. அந்த அழைப்புகள் அவரை பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் கொண்டுசேர்த்தன. கால்மணி நேரம் மட்டும் ஒதுக்குவதாகச் சொன்ன மருத்துவர் பல மணி நேரம் பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று இயக்கம் கணக்கிடும் 1935 ஜூன் 10, அதன் பிறந்த நாளாகவும் ஆனது. குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளை விளக்கும் அடிப்படை நூல் 1939இல் வந்தது. இந்தியாவில் முதல் கூட்டம் 1957இல் டெல்லியில், கனடாவிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினரின் முயற்சியால் நடந்தது. இந்திய அமைப்பின் பொதுச்சேவை அலுவலகம் இன்று மும்பையில் இருக்கிறது.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கு உண்டு. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்குக் குடி கெடுதலாகவோ அடிமைத்தனமாகவோ முற்றியிருக்கிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஓர் உதவி கிடைத்திருந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேர் என்ன செய்கிறார்கள்? தாங்களாகவே நிறுத்திப் பார்க்கிறார்கள். கோயிலில் சத்தியம் செய்கிறார்கள், கையில் கயிறு கட்டிக்கொள்கிறார்கள், கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். ஒரு மண்டலம் ஒரு சொட்டு தொடாமல் இருந்தவர் மாலையைக் கழற்றிய அன்றே குவார்ட்டரோடு உட்காருவதைத் தமிழ்நாட்டின் எந்தத் தெருவும் பார்த்திருக்கும். அந்த ஒரு மண்டலத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. விரதமும் குருசாமியும் உடன் மாலை போட்டவர்களும் சூழ்ந்திருக்கும்வரை அவரால் குடிக்காமல் இருக்க முடிந்திருக்கிறது. மலை இறங்கியதும் அந்தக் கூட்டம் கலைந்துபோகிறது. ஏ.ஏ. கலையாத கூட்டம். வருடம் முழுக்க நடக்கிறது.

தொழிற்சாலைப் பகுதியின் நேரக்கணக்கு தனி. காலை ஆறு மணிக்கு ஏ ஷிப்ட், மதியம் இரண்டுக்கு பி, இரவு பத்துக்கு சி என்பது பொதுவான ஏற்பாடு. அரைமணி முன்பின் இருக்கும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். 2003 நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனை முழுவதையும் தன் கையில் வைத்திருக்கும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கடைகள் பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரை திறந்திருக்கும். இந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏ ஷிப்ட் முடித்து வெளியே வருபவருக்கு முன்னால் கடை திறந்திருக்கிறது, தூங்கப் போகும்வரை திறந்தே இருக்கிறது. பி ஷிப்ட்காரர் போகும் வழியிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். விடிய விடிய நின்றுவிட்டு வரும் சி ஷிப்ட்காரர், தூக்கம் வரவேண்டும் என்பதற்காகவே பகலில் குடிக்கப் பழகுகிறார். அறையில் நாலைந்து பேர், ஊரில் குடும்பம், சம்பள நாளில் ட்ரீட். குடிக்காமல் இருக்கத்தான் இங்கே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஏ.ஏ. கூட்டங்களில் பெரும்பாலானவை மாலை ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்குபவை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலைக் கூட்டங்களும் உண்டு. அலுவலக நேரத்தை மனத்தில் வைத்து அமைந்த வழக்கம் அது. மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கும் ஒருவர் பி ஷிப்ட் வாரம் முழுக்க மாலைக் கூட்டத்துக்குப் போக முடியாது. ஒரே ஒரு கூட்டத்தை நம்பியிருப்பவருக்கு மூன்றில் ஒரு வாரம் வெறுமையாகிவிடும், அந்த வாரத்தில்தான் பழைய பழக்கம் வந்து கதவைத் தட்டும். ஆகவே தேடும்போதே இரண்டு குழுக்களைத் தேடுவது நல்லது: ஒன்று வாரநாள் மாலையில் கூடுவது, இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை கூடுவது. பி ஷிப்ட் வாரத்தின் காலை நேரத்துக்குத் தொலைபேசியும் இணையவழிக் கூட்டங்களும் கைகொடுக்கும். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது பரவிய இணையவழிக் கூட்டங்கள் அதன் பிறகும் நிற்கவில்லை. காதில் ஹெட்போன் மாட்டி மொட்டைமாடியில் உட்கார்ந்து கேட்கலாம். கேமராவை அணைத்து வைக்கலாம்.

தேடலுக்கு முன் ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும், இதில் உயிர் இருக்கிறது. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் உடல் தாங்காமல் போகலாம். கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் காதில் கேட்பதும், கடும் காய்ச்சலும் சேர்ந்து வரும். சிகிச்சை தராவிட்டால் இந்த நிலை கொல்லும். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்கிற அளவுக்கு வந்துவிட்டவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. அங்கே நடுக்கத்தை அடக்க மருந்தும், வைட்டமின் பி1 ஊசியும் தந்து சில நாள் கண்காணிப்பார்கள். முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் வீட்டில் வைத்து நிறுத்திப் பார்க்கும் சோதனையே வேண்டாம். ஏ.ஏ. மருத்துவம் செய்வதில்லை, செய்வதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. மருத்துவமனை உடலிலிருந்து மதுவை இறக்கிவைக்கும். வெளியே வந்த பிறகுள்ள மாதங்களைத்தான் கூட்டம் பார்த்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இந்த இரண்டையும் இணைத்ததில் சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு, அதாவது மக்கள் டி.டி.கே. மருத்துவமனை என்று அழைக்கும் நிறுவனத்துக்கு, முக்கியமான இடம் உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அதை 1980இல் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடு என்று மட்டுமே பார்த்த காலத்தில் அது நோய் என்று வாதாடி, நோயாளியோடு அவர் குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது அந்த நிறுவனம். சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அரசுத் தரப்பில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 2025இல் தமிழ்நாடு அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி தன் மருந்தகத்திலிருந்தே பரிந்துரைக் கடிதம் பெற்று மேற்சிகிச்சைக்குப் போகலாம். போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. ஓர் இலக்கம்தான் வித்தியாசம். மாற்றி அழைத்துவிட்டாலும் நஷ்டமில்லை, இரண்டிலும் வழிகாட்டுவார்கள்.

இனி கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் முறை. ஒவ்வொரு ஏ.ஏ. குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்வது. ஒரு பகுதியின் குழுக்கள் சேர்ந்து வைத்திருக்கும் தொடர்பு அலுவலகத்தை இன்டர்குரூப் என்பார்கள். எந்தக் கிழமை, எந்த இடம், எத்தனை மணி, எந்த மொழி என்ற பட்டியல் அங்கே இருக்கும். மும்பைப் பொதுச்சேவை அலுவலகத்தைத் தொடர்புகொண்டால் உரிய பகுதியின் எண்ணைத் தருவார்கள். சென்னையில் தமிழ்க் கூட்டங்களும் ஆங்கிலக் கூட்டங்களும் தனித்தனியே நடக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர்க்காரர் பூந்தமல்லி அல்லது காஞ்சிபுரம் பக்கமாகக் கேட்க வேண்டும். ஒரகடத்துக்காரருக்குத் தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் வசதி. சிங்கப்பெருமாள்கோவிலுக்குப் போய்விட்டால் மின்சார ரயில் கிடைக்கும்.

தொலைபேசியை எடுப்பவர் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியராக இருக்கமாட்டார். பெரும்பாலும் அவரும் ஒரு காலத்தில் இதே அழைப்பைக் கைநடுங்கச் செய்தவர்தான். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை எளியவை. கூட்டம் எந்த மொழியில்? இந்த வாரம் அதே இடத்தில்தானா? பள்ளிக்கூட அறையில் நடக்கும் கூட்டம் பரீட்சைக் காலத்தில் இடம் மாறும். தேவாலய வளாகத்தில் நடப்பது திருவிழாவின்போது மாறும். பழைய பட்டியலை நம்பி இரண்டு பஸ் மாறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி கிளம்புவது அபூர்வம். ஆகவே போகிற அன்றே ஒருமுறை கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். எந்தக் கடைக்கு எதிரே, எந்தப் படிக்கட்டு என்பதுவரை கேட்கலாம். ஏ.ஏ. பெயர்ப்பலகையைப் பெரிதாக மாட்டுவதில்லை. முதல் நாள் பஸ் நிறுத்தத்துக்கு யாராவது வருவார்களா என்று கேட்டால் அனேகமாக வருவார்கள்.

கூட்டங்கள் இருவகை. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம்: மனைவி, அண்ணன், மருத்துவர், ஆர்வத்தில் வருபவர். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். விருப்பம் ஒன்றே தகுதி. நிறுத்திவிட்டுத்தான் வரவேண்டும் என்பதில்லை. நேற்று குடித்தவரும் வரலாம், இன்று குடித்துவிட்டு வந்தவரும் அமைதியாக உட்கார்ந்தால் உட்காரலாம்.

அறைக்குள் நடப்பதும் எளிமையானது. அன்றைக்கு நடத்துபவர் முன்னுரையைப் படிக்கிறார். பிறகு ஒருவர் எழுந்து முதல் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்கிறார். மற்றவர்கள் வணக்கம் சொல்கிறார்கள். அவர் எப்படிக் குடித்தார், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார் என்று பேசுகிறார். பக்கத்திலிருப்பவர் குறுக்கிட்டுப் புத்திமதி சொல்வதில்லை, விவாதம் செய்வதில்லை. இந்த ஒரு விதியிலேயே ஏ.ஏ.வின் பலம் பாதி இருக்கிறது என்று சொல்லலாம். குடிநோயாளி புத்திமதிக்குப் பஞ்சமில்லாதவர். அம்மா, மாமனார், சூப்பர்வைசர், ஊர்ப் பெரியவர் எல்லோரும் சொல்லியாயிற்று. தன்னைப் போலவே விடிகாலையில் கடை திறக்கும் முன் பிளாக்கில் விற்பவரைத் தேடி அலைந்த ஒருவர், பத்து வருடமாகத் தொடவில்லை என்று எதிரில் உட்கார்ந்து சொல்வதைத்தான் அவர் இதுவரை கேட்டதில்லை. புதியவர் பேச வேண்டிய கட்டாயமில்லை. பை ஒன்று சுற்றி வரும். முடிந்தவர் பத்து இருபது போடுவார், முடியாதவர் அடுத்தவரிடம் நகர்த்துவார். வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை. அன்று இரவே இரண்டு மூன்று பேருடைய எண்கள் புதியவரின் போனில் ஏறியிருக்கும். நாள் போகப் போக அவர்களில் ஒருவர் அவருக்கு ஸ்பான்சர் ஆவார், படிகளைக் கடக்கும்போது கூட நடப்பவர். ஆயுள் முழுக்க விடுவதாக யாரும் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும்.

பெயரை மறைப்பது ஏன் என்பது இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் விளக்க வேண்டிய விஷயமே இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1946ஆம் வருடத்து நிலையாணைச் சட்டத்தின்கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில் பணியிடத்தில் குடித்திருப்பது ஒழுங்கீனம் என்று இருந்தது. ஊதிப் பார்க்கும் கருவியில் சிக்கினால் நிரந்தரத் தொழிலாளிக்கு விளக்க நோட்டீஸாவது வரும். காண்ட்ராக்ட் தொழிலாளியை நாளைக்கு வரவேண்டாம் என்று சொன்னால் முடிந்தது. கூட்டத்தில் தன் லைனைச் சேர்ந்த ஒருவரைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இயல்பானது. பார்ப்பவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே வந்திருக்கிறார், அவருக்கும் அதே பயம் உண்டு என்பது இதற்கு நடைமுறைப் பதில். நிறுவனங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நடைமுறை விதித்தொகுப்பு, பணியிட மதுப் பிரச்சினையை உடல்நலப் பிரச்சினையாகக் கருதச் சொல்கிறது. தண்டனைக்கு முன் சிகிச்சை, ரகசியம் காப்பது, வேலைப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. கேன்டீன் சுவரில் ஏ.ஏ. எண்ணை ஒட்டிவைப்பதற்குச் செலவே இல்லை.

இது கிறிஸ்தவக் கூட்டமோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தேவாலய அரங்குகளில் நடப்பதும், பிரார்த்தனையோடு முடிவதும் அந்த எண்ணத்தைத் தருகின்றன. அரங்கு குறைந்த வாடகைக்குக் கிடைப்பதுதான் பெரும்பாலும் காரணம். படிகளில் வரும் மேலான சக்தி என்பதை அவரவர் புரிந்துகொண்டபடி என்றே விளக்குகிறார்கள். பெருமாள், அல்லா, இயேசு, ஒன்றுமே நம்பாதவருக்கு அந்தக் குழுவே சக்தி. ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். குரு ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோயிலில் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னார் என்று வைணவ மரபு பேசும் ஆசாரியர் அவர். பன்னிரண்டாம் படி கேட்பதும் கிட்டத்தட்ட அதுவே: தனக்குக் கிடைத்ததைத் தவிக்கும் இன்னொருவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஆளின் பெயர்தான் ரகசியம்; வழி எல்லோருக்கும் பொது.

பலன் உண்டா என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கி 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஏ.ஏ.வும் நோயாளிகளை அதோடு இணைக்கும் சிகிச்சை முறைகளும் தொடர்ந்து குடிக்காமலிருக்கச் செய்வதில் பிற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருப்பதாகக் கண்டது. எல்லோருக்கும் பொருந்தும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு குழு ஒட்டவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டே கூட்டத்துக்கும் வரலாம்.

தனியார் மறுவாழ்வு இல்லத்தைத் தேர்வு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயையும் உள்ளடக்கியது. அதன்படி இத்தகைய இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தானாக விரும்பிச் சேர்ந்தவருக்குத் தானாக வெளியேறவும் உரிமை உண்டு. இரவில் வண்டி கொண்டுவந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவதாகப் பெருமை பேசும் இடம் சிகிச்சை நிலையம் ஆகாது. குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளும் ஆபத்தானவை. டைசல்ஃபிரம் போன்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆற்றமாட்டாமல் அதை வாங்கும் மனைவியிடம் குற்றம் சொல்ல ஏதுமில்லை. விற்பவரைத்தான் கேட்க வேண்டும். அந்த மனைவிக்கென்று தனியாக ஒரு கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனான் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கானது. கணவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் மனைவி அங்கே போகலாம்.

இரண்டு தரப்பினருக்குத் தேடல் இன்னும் கடினம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து இங்கே உழைப்பவர்களுக்குத் தமிழ்க் கூட்டத்தில் உட்கார்ந்து பயன் குறைவு. இந்தியிலும் பிற மொழிகளிலும் நடக்கும் இணையவழிக் கூட்டங்களே அவர்களுக்கு உடனடி வழி. இன்னொரு தரப்பு பெண்கள். மின்னணு ஆலைகளில் பல்லாயிரம் பெண்கள் வேலை செய்யும் இந்தப் பகுதியில், குடிப்பழக்கம் உள்ள பெண் அதை ஆணைவிடப் பல மடங்கு மறைக்க வேண்டியிருக்கிறது. முழுக்க ஆண்கள் இருக்கும் அறைக்குள் தனியாக நுழைவது பெரிய காரியம். முதல் அழைப்பிலேயே ஒரு பெண் உறுப்பினரோடு பேச வேண்டும் என்று கேட்கலாம். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

பக்கத்தில் பொருத்தமான கூட்டம் இல்லையென்றால் தொடங்கலாம். குடியை விட வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு ஏ.ஏ. குழு என்று இயக்கத்தின் மரபு சொல்கிறது. அனுமதி, பதிவு, தலைவர் எதுவும் தேவையில்லை. மூத்த உறுப்பினர்கள் சிலர் ஆரம்ப வாரங்களில் வந்து துணைக்கு உட்காருவார்கள். தேவைப்படுவது மாதம் ஏதோ ஒரு சிறு வாடகைக்குக் கிடைக்கும் அறை, சாவி வைத்திருக்கும் ஒருவர், எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் கதவைத் திறக்கும் பிடிவாதம். ஷிப்ட் ஊருக்கு ஏற்ற நேரத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம்: ஏ ஷிப்ட் இறங்குபவர்களுக்காகப் பிற்பகல் மூன்றரை, பி ஷிப்ட் ஏறுபவர்களுக்காகக் காலை பத்து. டாஸ்மாக் திறப்பதற்கு முன்பே அந்தக் காலைக் கூட்டம் முடிந்துவிடும். குழு நிலைபெற்றதும் இடத்தையும் நேரத்தையும் இன்டர்குரூப்புக்குத் தெரிவிக்கிறார்கள், பட்டியலில் ஒரு வரி கூடுகிறது. அடுத்த முறை ஒரகடத்திலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கி அழைக்கும்போது, எடுப்பவர் அந்த வரியைப் படித்துச் சொல்லலாம்.